மலைமண்ணில் பழுத்த குதிரைமசால்: கொல்லிமலைத் தீவனக் காடு ஒன்றின் நிகழ்வு ஆய்வு

கொல்லிமலையில் வாழவந்தி நாட்டுப் பக்கம் ஒரு குடும்பம். இரண்டு கலப்பினப் பசு, ஒரு கிடாரி, சில வெள்ளாடுகள். வருமானம் குச்சிக்கிழங்கிலும் (மரவள்ளி) மிளகிலும் வருகிறது, கைச்செலவுக்குப் பால். வீட்டுக்காரர் முன்பு சேந்தமங்கலம் பக்கம் ஒரு மாட்டுப் பண்ணையில் வேலை பார்த்தவர். அங்கே கிணற்றுத் தண்ணீரில் குதிரைமசால் முழங்காலுக்கு மேல் தழைத்து நிற்பதையும், அதைத் தின்ற மாடுகள் கறப்பதையும் தினமும் பார்த்திருக்கிறார். மலையேறி வந்ததும் அதே தோட்டத்து விதையைக் கொண்டுவந்து, வீட்டுக்குப் பின்னால் இருந்த சரிவில் விதைத்துவிட்டார்.

முளைப்பு நன்றாகவே இருந்தது. ஒரு மாதம் ஆனதும் இலை வெளிற ஆரம்பித்தது. அடியிலை முதலில், பிறகு செடி முழுக்க. கடையில் கேட்டதற்கு யூரியா போடச் சொல்லியிருக்கிறார்கள். போட்டதும் கொஞ்ச நாள் பச்சை ஏறியது, அப்புறம் மறுபடி பழுத்தது. மறுபடியும் யூரியா. இந்தத் தடவை பச்சை ஏறியது களைப்புல்லுக்கு. குதிரைமசால் ஒரு சாண் உயரத்தில் அப்படியே நின்றுபோயிற்று.

"உப்புப் போட்டும் பச்ச ஏறல தம்பி. வெதைதான் கெட்டதோ என்னவோ," என்றார் வீட்டம்மா; உப்பு என்றது யூரியாவை. விதை கெட்டதாக இருந்தால் முளைப்பே சரியாக இருந்திருக்காது. கீழே, அதே விதையில் வந்த பயிர் இன்னும் அறுவடை கொடுத்துக்கொண்டிருக்கிறது என்பதை அவரே சொன்னார்.

குதிரைமசால் பயறு வகைத் தீவனம். பயறு வகைச் செடிக்குத் தழைச்சத்து (நைட்ரஜன்) மண்ணிலிருந்து மட்டும் வருவதில்லை. வேரில் சிறு முடிச்சுகளாகக் குடியேறும் ரைசோபியம் பாக்டீரியா காற்றில் இருக்கும் நைட்ரஜனைப் பிடித்துக் கொடுக்கிறது; பதிலுக்குச் செடி அதற்குச் சர்க்கரை கொடுக்கிறது. ஆகவே பயறு வகைத் தீவனம் பழுத்தால் இலையைப் பார்த்து மருந்து சொல்லக் கூடாது, வேரைத் தோண்டிப் பார்க்க வேண்டும். இந்த நிகழ்வில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் பயறுத் தீவனம் வைத்துக் கைவிட்டவர்களிடம் கேட்டால் பெரும்பாலும் ‘உரம் பத்தவில்லை’ என்றுதான் சொல்வார்கள். வேரைப் பார்த்தோம் என்று சொல்பவர் அரிது.

தோண்டினோம். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே அறுந்து தங்கிவிடும், முடிச்சே இல்லை என்று தப்பாக எண்ணத் தோன்றும். அதனால் களைக்கொத்தால் சற்றுத் தள்ளிக் குத்தி, மண்கட்டியோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் ஊறவைத்து மெதுவாக அலசினோம். ஆழமாக இறங்க வேண்டிய ஆணிவேர் நான்கு விரல் கீழே போனதும் தடித்து, மொட்டையாகி, பக்கவாட்டில் திரும்பியிருந்தது. நுனி பழுப்பு. மெல்லிய சல்லிவேர் மிகக் குறைவு. ஒரு செடியில் முடிச்சே இல்லை; இன்னொன்றில் கடுகளவு இரண்டு மூன்று இருந்தன. நகத்தால் கிள்ளினால் உள்ளே வெள்ளை. வேலை செய்கிற முடிச்சு உள்ளே ரோஜாச் சிவப்பாக இருக்கும், நம் இரத்தத்தில் இருப்பது போன்ற ஒரு நிறப்புரதம் அதில் இருக்கிறது. வெள்ளையும் பச்சையும் சும்மா இருக்கும் முடிச்சு.

அந்தக் காட்டில் ஒரே ஒரு மூலை மட்டும் வேறாக இருந்தது. சமையலறைக்குப் பின்புறம், இரண்டு கட்டில் அகலம் இருக்கும். அங்கே குதிரைமசால் கரும்பச்சையாக, கீழே சேந்தமங்கலத்தில் பார்த்த அதே உயரத்தில் நின்றது. அங்கே மாமியார் காலத்திலிருந்து அடுப்புச் சாம்பல் கொட்டிவந்ததாகச் சொன்னார்கள். அந்த மூலைச் செடியை அலசிப் பார்த்தோம். வேர் நேராக இறங்கியிருந்தது. முடிச்சு அதிகமில்லை, ஆனால் இருந்தவை உள்ளே சிவப்பு. விதையோடு ஒட்டி வந்த தோட்டத்துத் தூசியில் அந்தப் பாக்டீரியாவும் கொஞ்சம் வந்திருக்க வேண்டும். காடு முழுக்கத்தான் அதே விதை விழுந்தது. சாம்பல் விழுந்த இடத்தில் மட்டும் அதற்குப் பிழைப்பு கிடைத்திருக்கிறது.

மண்ணைப் பரிசோதனைக்குக் கொடுத்தோம். ஆங்கில ‘வி’ எழுத்து வடிவில் அரையடிக் குழி வெட்டி, ஓரத்து மண்ணை மேலிருந்து கீழாகச் சீவி, பல இடத்து மண்ணைக் கலந்து, நாலு பங்காக்கி எதிரெதிர்ப் பங்கைக் கழித்துக் கழித்து அரைக் கிலோ எடுக்கும் வழக்கமான முறைதான். சாம்பல் மூலை மண்ணைத் தனிப் பையில் கட்டினோம். இதைச் சேர்த்துக் கலந்திருந்தால் முடிவு நடுவில் எங்கோ வந்து எல்லாரையும் குழப்பியிருக்கும். காட்டு மண்ணின் பி.எச். (மண்ணின் புளிப்பைக் காட்டும் எண்; 7 நடுநிலை, குறையக் குறையப் புளிப்பு) 5-ஐ ஒட்டி வந்தது. சாம்பல் மூலை 6-ஐத் தாண்டியது. பி.எச். அளவில் ஒவ்வொரு எண்ணும் பத்து மடங்கு. 6-ஐவிட 5 பத்து மடங்கு புளிப்பு. குதிரைமசால் கேட்பது 6.5-இலிருந்து 7.5 வரை.

மண் 5.5-க்குக் கீழே போனால் களிமண்ணில் சிறைப்பட்டிருக்கும் அலுமினியம் கரைந்து வெளியே வருகிறது. வேர்நுனிக்கு அது நஞ்சு. நாங்கள் பார்த்த மொட்டை வேர் அதன் அடையாளம். அதே நேரத்தில் இரும்பும் அலுமினியமும் மணிச்சத்தை (பாஸ்பரஸ்) கட்டிப்போட்டுவிடுகின்றன. போட்ட சூப்பர் பாஸ்பேட்டில் பெரும்பங்கு செடிக்கு எட்டாது. நைட்ரஜனைப் பிடிக்கும் வேலைக்குத் துளியளவு வேண்டிய மாலிப்டினமும் அமில மண்ணில் கிடைப்பதில்லை. குதிரைமசாலுக்கென்று உள்ள ரைசோபியம் வகை, அமிலம் தாங்காதவற்றுள் முதலிடத்தில் இருக்கிறது. யூரியா எரிகிற நெருப்பில் எண்ணெய் ஊற்றியது: மண்ணில் யூரியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகிறது, மலை மழையில் நைட்ரேட் கீழே வடிந்துபோகிறது, அமிலம் மட்டும் தங்குகிறது.

இத்தனை வருடமாக அந்தக் காட்டில் வெள்ளாமை நடக்கவில்லையா என்று வீட்டுக்காரர் கேட்டார். நியாயமான கேள்வி. அங்கே என்னென்ன விளைந்தது என்று பாருங்கள்: குச்சிக்கிழங்கு, சாமை, அன்னாசி, காப்பி, மிளகு. எல்லாமே அமிலம் தாங்குகிறவை. மரவள்ளி 5-க்குக் கீழேகூட ஓரளவு விளையும். மலை மண் புளிப்பு என்பதை அந்தப் பயிர்கள் யாருக்கும் தெரியவிடவில்லை, முதல்முறையாக அதை வெளியே காட்டியது குதிரைமசால்தான்.

கீழே நிலைமை நேரெதிர். நாமக்கல், திருச்செங்கோடு, சங்ககிரிப் பக்கம் பல காடுகளில் சுக்கான் கல் (சுண்ணாம்புக் கட்டி) மேலேயே கிடக்கும். சங்ககிரியில் சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல்லே வெட்டுகிறார்கள். சேந்தமங்கலத் தோட்டத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் கொண்டுவரச் சொல்லி, இரண்டு மண்ணையும் தட்டில் பக்கம் பக்கமாக வைத்து, நீர்த்த அமிலம் இரண்டு சொட்டு விட்டோம். கீழ்நாட்டு மண் அதிலுள்ள சுண்ணாம்பால் சட்டென்று நுரைத்துப் பொங்கியது. மலைமண் சும்மா நனைந்தது. வீட்டம்மாவுக்கு அதற்குமேல் விளக்கம் வேண்டியிருக்கவில்லை. ஒரே மாவட்டம், 70 கொண்டையூசி வளைவு ஏறினால் மண் இவ்வளவு மாறிவிடுகிறது. மலையின் சார்னக்கைட் பாறை நொறுங்கி வந்த செம்மண்ணில் கால்சியம், மெக்னீசியம் எல்லாம் காலங்காலமாக மழையில் கழுவிப்போய்விட்டன.

சரி, சுண்ணாம்பு போட்டுவிடலாமே? போடலாம். தேயிலை, காப்பித் தோட்டங்களில் டோலமைட் (மெக்னீசியமும் கலந்த சுண்ணாம்புக்கல் தூள்) போடுவது பழைய வழக்கம். ஆனால் இந்தக் குடும்பத்துக்குக் கணக்கு வேறு. நிலத்தின் அமிலத்தைக் குதிரைமசாலுக்கு ஏற்ற அளவுக்குக் கொண்டுவர ஏக்கருக்கு டன் கணக்கில் வேண்டும். களி கூடின மண்ணாக இருந்தால் அதே பி.எச்.சுக்கு இன்னும் கூடுதலாக. லாரியில் மலையேற்றி, சாலையிலிருந்து காட்டுக்குத் தலைச்சுமையாகத் தூக்க வேண்டும். தூவிய சுண்ணாம்பு கலந்த ஆழத்தோடு நின்றுவிடும், கீழே இறங்காது. குதிரைமசாலின் வேரோ அதைத் தாண்டி இறங்கத் துடிக்கிறது. சில வருடத்தில் மழை மறுபடி கழுவிவிடும். இரண்டு மாட்டுக்காக இந்தச் செலவு கட்டாது. மண்ணைப் பயிருக்கு இழுப்பதைவிட மண்ணுக்குப் பயிரைத் தேடுவதே இங்கே முறை என்று முடிவெடுத்தோம். அந்த முடிவில் எனக்கு இன்றும் மாற்றுக் கருத்து இல்லை.

எந்தப் பயிர்? முதலில் வந்த பேச்சு வேலிமசால். சமவெளியில் அது அருமையான தீவனம், ஆனால் நடுநிலை, காரத்தன்மை மண்ணில் ஓங்குகிற செடி. புளித்த மண்ணில் சுணங்கும். சவுண்டல் என்கிற சூபாபுல்லும் அப்படியே. வரப்பில் அவர்கள் வைத்திருந்த சவுண்டல் மூன்று வருடமாகத் தோள் உயரம் தாண்டவில்லை. வீட்டம்மா ஆடு கடித்ததால் என்று நினைத்திருந்தார், ஆடு எட்டாத கல்லுக்கட்டின் மேலிருந்ததும் அதே உயரம்தான்.

தேர்வு முயல்மசாலில் வந்து நின்றது. ஸ்டைலோசாந்தஸ் இனம், தென் அமெரிக்காவின் ஏழை மண்ணில் பிறந்தது. அமிலம் தாங்கும், குறைந்த மணிச்சத்தில் பிழைக்கும், அலுமினியத்துக்கு எளிதில் மடங்காது. இதற்கெல்லாம் மேலாக, இதன் வேரில் குடியேறும் பாக்டீரியா தட்டைப்பயறு, அவரை, நிலக்கடலை, கொள்ளு ஆகியவற்றோடு பொதுவானது. அந்தக் கூட்டம் அமிலம் தாங்கும்; பெரும்பாலும் மண்ணிலேயே இருக்கும். இருக்கிறதா என்று பார்க்க ஒரு எளிய வழி செய்தோம். வீட்டு வேலியில் படர்ந்திருந்த, அவரை வகையான மொச்சையைத் தோண்டினோம். அதே புளித்த மண்ணில், மிளகளவு முடிச்சுகள் கொத்துக்கொத்தாக, கிள்ளினால் சிவப்பு. முயல்மசாலுக்கு வேண்டிய துணை அங்கே ஏற்கெனவே குடியிருந்தது. இருந்தாலும் முதல் விதைப்புக்கு ரைசோபியம் பொட்டலம் வாங்கிக் கஞ்சியில் குழைத்துக் கலந்தோம்.

விதை நேர்த்தியைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், முயல்மசால் தோற்கிற இடம் பெரும்பாலும் அங்கேதான். விதையின் மேல்தோல் கெட்டி. அப்படியே விதைத்தால் பத்தில் ஒன்றிரண்டு முளைத்து, மீதி மண்ணில் கிடக்கும். தண்ணீரை 80 டிகிரிக்குச் சூடாக்கி, இறக்கி வைத்து, விதையை அதில் நான்கு நிமிடம் போட்டு எடுத்து, குளிர்ந்த தண்ணீரில் ஓர் இரவு ஊறவைக்க வேண்டும். அடுப்பிலேயே வைத்துக் கொதிக்கவிட்டால் விதை வெந்துவிடும். வெப்பமானி இல்லாத வீட்டில், பாத்திரத்தின் அடியில் சின்னக் குமிழ் எழும்பி, தளபுள என்று கொதிக்கத் தொடங்கும் முன் இறக்கிவிடுவது ஓரளவு சரியாக வரும். நிழலில் ஈரம் உலர்த்தியபின் ரைசோபியம். குதிரைமசால் விதைக்குச் சுண்ணாம்புக்கல் தூள் பூச்சு உதவும். முயல்மசாலுக்கு அது தேவைப்படாது, பாறை பாஸ்பேட் தூளைப் பூசினால் போதும். வெற்றிலைக்குப் போடும் நீற்றின சுண்ணாம்பை எந்த விதையிலும் பூசக் கூடாது, பாக்டீரியா செத்துப்போகும்.

வரிசை விதைப்புக்கு ஹெக்டேருக்கு 6 கிலோ, தூவினால் 10 கிலோ என்பது வேளாண் பல்கலைக்கழகப் பரிந்துரை. ஏக்கருக்கு இரண்டரை, நான்கு என்று வைத்துக்கொள்ளலாம். இங்கே சரிவுக்குக் குறுக்காக, ஓரடி இடைவெளியில் வரிசை போட்டோம். விதை பொடி, அரை அங்குலத்துக்கு மேல் மண் மூடினால் எழும்பாது. மணலோடு கலந்து விதைத்து, விளாரால் இலேசாகக் கூட்டிவிட்டதே போதுமானதாக இருந்தது. அடியுரமாகத் தொழு எருவும் பாறை பாஸ்பேட்டும். பாறை பாஸ்பேட் சுக்கான் மண்ணில் கரையாமல் கல்லாகக் கிடக்கும். புளித்த மண்ணில் அந்த அமிலமே அதைக் கரைத்துக் கொடுக்கும். மலைக்காரர்களுக்கு மண் தருகிற இந்த ஒரு சலுகையைப் பலரும் பயன்படுத்துவதில்லை. யூரியா அறவே நிறுத்தப்பட்டது.

முதல் இரண்டு மாதம் பார்க்க நம்பிக்கை தராது. செடி மேலே வளராமல் வேரை விட்டுக்கொண்டிருக்கும், களை முந்தும். இந்த வீட்டிலும் வீட்டுக்காரர் ‘இதுவும் போச்சு’ என்று சொல்லிக் குச்சிக்கிழங்கு ஊன்றக் குச்சி வெட்டப் போய்விட்டார். வீட்டம்மாதான் உட்கார்ந்து இரண்டு தடவை களை எடுத்தார். அந்த இரண்டு களையெடுப்புதான் பயிரைக் காப்பாற்றியது. ஆறாவது வாரம் ஒரு செடியைப் பெயர்த்து அலசியபோது சல்லிவேர் நிறைய, முடிச்சு உள்ளே சிவப்பு. பூக்கும் சமயம், சுமார் 75 நாளில், முதல் அறுப்பு. தரையோடு ஒட்ட அறுக்காமல் ஒரு கையகலம் விட்டு அறுக்கச் சொன்னேன். துளிர் அடித்தண்டில் இருந்துதான் வருகிறது. முதல் வருட விளைச்சல் குறைவுதான். மூன்றாம் வருடம்தான் இந்தப் பயிர் தன் முழுக் கொடுப்பைக் காட்டும்.

எல்லாம் சரியாக நடந்தது என்று எழுத முடியாது. மார்கழி, தைக் குளிரில் வளர்ச்சி நின்றுவிட்டது. வெப்பநாட்டுச் செடி, ஆயிரம் மீட்டருக்கு மேல் அந்த இரண்டு மாதம் அதனிடம் எதிர்பார்க்க ஒன்றுமில்லை. அடைமழைக் காலத்தில் தண்டிலும் இலையிலும் கருகல் புள்ளி வந்தது, முயல்மசாலின் தீராத நோயான ஆந்த்ரக்னோஸ். மருந்தடிக்கவில்லை, தீவனப் பயிரில் அடிக்கவும் கூடாது. நோய் கண்ட வரிசையை உடனே அறுத்து மாட்டுக்குப் போட்டோம், காற்றோட்டம் வந்ததும் துளிர் தெளிவாக வந்தது. கலப்பினப் பசு முதல் நாள் முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொண்டது. முற்றின தண்டில் சுணை இருக்கும். இளசாக அறுத்து, புல்லோடு நறுக்கிக் கலந்து கொடுத்ததும் பழகிவிட்டது. ஆடுகளுக்கு அந்தப் பிரச்சினையே இல்லை.

கட்டுத்தறிக் கணக்கையும் சொல்ல வேண்டும். அந்த வீட்டில் மாட்டுக்குப் போவது கம்பு நேப்பியர் புல்லும், கீழே சேகோ (ஜவ்வரிசி) ஆலையிலிருந்து வாங்கும் குச்சிக்கிழங்குத் திப்பியும் (சக்கை). திப்பி மாவுச்சத்து மட்டும்தான், புரதம் மிகக் குறைவு. புல்லில் 8 முதல் 10 சதம் புரதம். முயல்மசாலில் சுமார் 15. குதிரைமசாலின் 20-க்கு அது ஈடில்லை, ஆனால் விளையாத 20-ஐவிட விளைகிற 15 மேல். மூன்று பங்கு புல்லுக்கு ஒரு பங்கு முயல்மசால் என்ற அளவில் கொடுக்கிறார்கள். பால் திடீரென்று கூடிவிடவில்லை. புண்ணாக்கு வாங்குவது குறைந்தது. பனி ஈரத்தோடு அதிகம் தின்றால் வயிறு உப்பும் ஆபத்து குதிரைமசாலில் உண்டு, முயல்மசாலில் இல்லை. விடியற்காலையில் அறுத்துப் போட்டுவிட்டுக் காட்டு வேலைக்குப் போகிற வீட்டுக்கு இது பெரிய நிம்மதி.

புரதத்துக்காகக் குச்சிக்கிழங்குத் தழையை ஒடித்துப் போடும் பழக்கம் மலையில் உண்டு. பச்சையாகப் போட்டால் சயனைடு நஞ்சு மாட்டைச் சாய்த்துவிடும். நன்றாக வாடவைத்து, உலர்த்தித்தான் கொடுக்க வேண்டும். முயல்மசால் வந்தபின் இந்த வீட்டில் அந்தத் தழையை ஒடிப்பதை விட்டுவிட்டார்கள்.

வரப்பில் சவுண்டலை வெட்டிவிட்டுக் கிளைரிசிடியா மரப் போத்து (குச்சி) ஊன்றினோம். அமிலம் ஓரளவு தாங்கும், மிளகுக்கொடியும் ஏறும். மிளகுக்கு அந்தக்காலத்தில் கல்யாண முருங்கைதான் நட்டார்கள், அதன் தழையும் ஆட்டுக்கு ஆகும். குருத்தையும் இலைக்காம்பையும் முடிச்சு முடிச்சாக வீங்கவைக்கும் குளவி வந்தபின் பல இடத்தில் பட்டுப்போயிற்று. கிளைரிசிடியாத் தழையின் வாடை மாட்டுக்கு முதலில் பிடிக்காது. அறுத்து அரைநாள் வாடவிட்டால் தின்னும்.

சுண்ணாம்பை முழுக்க ஒதுக்கிவிடவும் இல்லை. முயல்மசால் வரிசைகளின் ஓரத்தில் ஒரு சென்ட்டுக்கு மட்டும் 10 கிலோ டோலமைட் தூவி, மண்ணோடு கொத்திவிட்டு, இரண்டு மாதம் கழித்துத் தீவனத் தட்டைப்பயறு விதைத்துப் பார்த்தோம். பக்கத்தில் டோலமைட் போடாத சென்ட்டிலும் அதே விதை. இரண்டிலும் பயறு வந்தது. போட்ட சென்ட்டில் தழை அடர்த்தியாக, முடிச்சு கூடுதலாக. தட்டைப்பயறு அமிலம் தாங்கினாலும் கொஞ்சம் கை கொடுத்தால் நன்றி காட்டுகிறது. முயல்மசாலில் அந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்படி இல்லை. ஆகவே சுண்ணாம்புக்குச் செலவழிக்கிற காசு இருந்தால் அது தட்டைப்பயற்றுப் பாத்திக்குப் போகட்டும் என்று பேசி வைத்திருக்கிறோம்.

இப்போது அந்தக் காட்டில் முயல்மசால் தானாக விதை உதிர்த்து வரிசைக்கு நடுவிலும் முளைக்கிறது. வீட்டம்மா முற்றிய பூங்கொத்துகளை உதிர்த்துப் புடைத்து விதை சேர்க்கிறார். அக்கம்பக்கத்தில் இரண்டு மூன்று வீட்டார் கேட்டிருக்கிறார்கள். விதையோடு வெந்நீர் பக்குவத்தையும் சொல்லித்தான் கொடுப்பேன் என்கிறார். சாம்பல் மூலையில் குதிரைமசால் அப்படியே நிற்கிறது, அதைக் கிடாரிக்கென்று ஒதுக்கிவிட்டார்கள். அடுப்புச் சாம்பலை இனி அந்த மூலையிலேயே கொட்டாமல் தட்டைப்பயற்றுப் பாத்திகளுக்கு மெலிதாக இறைக்கச் சொல்லியிருக்கிறேன். ஆடி மழைக்கு முன் இரண்டு இடத்து மண்ணையும் மறுபடி தனித்தனிப் பையில் கட்டிப் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.